சேக்காட்டு ஓடையும் ஒரு வாசற்படியும்

சைட்டில் என் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘லெவல் மேடம்’ என்று கேட்டால் பூந்தமல்லி முதல் ஆவடி வரை வழி சொல்வார்கள். முப்பத்தோரு வருடம், மேடு பள்ளம் அளக்கிற ஆட்டோ லெவல் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். ரோடு, சிறுபாலம், மழைநீர் வடிகால் என்று இந்தப் பக்கம் எங்கே பள்ளம் தோண்டினாலும் அதில் என் கண் ஒரு தடவையாவது பட்டிருக்கும். தப்பும் செய்திருக்கிறேன். அவற்றில் பெரிய தப்பின் அளவு பதினைந்து சென்டிமீட்டர். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் படியுங்கள், ஆனால் படியுங்கள்.

சிவப்பு அம்பு

சேக்காட்டில் ஓர் ஓடை. பத்து மாதம் காய்ந்து கிடக்கும். அதில் மாடு கட்டுவார்கள், துணி காயப்போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்த பிறகுதான் அது ஓடை என்று எல்லோருக்கும் ஞாபகம் வரும். வடக்கிலிருந்து வந்து, ஒரு சின்னத் தெருவை ஒட்டி இறங்கி, அப்பார்ட்மெண்ட் ஒன்றின் பக்கமாக வளைந்து சுற்றி, தரைப்பாலத்துக்கு அடியில் இரண்டு பழைய குழாய் வழியாக ரோட்டைத் தாண்டி ஏரிக்குப் போகும்.

அந்த வளைவு வேண்டாம், ஓடையை நேராக வெட்டி, ரோட்டுக்கு அடியில் புதிதாகப் பெட்டி மாதிரி ஒரு கான்கிரீட் சிறுபாலம், பாக்ஸ் கல்வெர்ட், போட்டால் தண்ணீர் சீக்கிரம் ஓடிவிடும் என்று பிளான் வந்தது. வேலை எங்கள் கம்பெனிக்கு. முதலாளி தனபாலிடம், “வளைவும் இருந்துட்டுப் போகட்டுமே சார், தண்ணிக்குப் பழகின வழி” என்று சொல்லிப் பார்த்தேன்.

“பிளான்ல இல்லாததுக்கு நாம ஏம்மா வக்காலத்து வாங்கணும்?” என்றார். நானும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அது என் சின்னத் தப்பு. பெரியது பின்னால் வருகிறது.

மே மாத வெயிலில் முதல் நாள் லெவல் எடுக்கப் போனோம். எங்கள் வேலைக்கு முதலில் அசையாத ஓர் இடம் வேண்டும். அதில் பெயிண்டால் அம்பு போட்டு 100.000 என்று எழுதுவோம். நூறு மீட்டர் என்று நாமே வைத்துக்கொள்வது. டி.பி.எம். என்போம். சுற்றுவட்டாரத்தின் மேடு பள்ளம் எல்லாம் அந்த நூறிலிருந்துதான் கூட்டிக் கழிப்போம். பாலத்தின் தரை எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதும் அதிலிருந்துதான்.

தெருக்கோடியில், ஓடையை ஒட்டின மாதிரி ஒரு வீடு. நல்ல கெட்டியான கருங்கல் வாசற்படி. அந்தப் படியில் அம்பு போடலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரர் ஏழுமலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“இன்னாத்துக்கு மேடம்? ஊட்ட இடிக்கப் போறீங்களா?”

“இடிக்கல. உங்க வீட்டு வாசலை வெச்சுத்தான் இந்த ஏரியாவையே அளக்கப் போறோம்.”

அவருக்கு அது பிடித்துவிட்டது. “அப்டியா? கஸ்தூரி, இங்க வா, நம்ம ஊட்ட வச்சிதான் சேக்காட்டயே அளக்குறாங்களாம்” என்று மனைவியைக் கூப்பிட்டார். கஸ்தூரி வந்து அம்பைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அழியாம பாத்துக்கணுமா?” என்று கேட்டார்.

“அழிஞ்சா என் வேலை போச்சு” என்றேன் விளையாட்டாக. அந்த அம்மாள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது படிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். என் அம்புக்கும் மூன்று பொட்டு. என் சர்வீஸில் எத்தனையோ டி.பி.எம். போட்டிருக்கிறேன். மாடு உரசி அழிந்தது உண்டு, போஸ்டர் ஒட்டி மறைத்தது உண்டு. குங்குமம் வாங்கிய டி.பி.எம். அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அந்தப் படிதான் எனக்கு ஆபீஸ். மதியம் அதில் உட்கார்ந்துதான் ஃபீல்டு புக் எழுதுவேன். நான் குள்ளம். பெரும்பாலான வீட்டுப் படியில் உட்கார்ந்தால் கால் ஊஞ்சலாடும். இந்தப் படி எனக்கென்றே அளவெடுத்த மாதிரி, பாதம் இரண்டும் தரையில் பதியும். கஸ்தூரி டீ கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். மகள் பவித்ராவுக்கு மாப்பிள்ளை பார்த்தது, முத்தாபுதுப்பேட்டையில் இடம் அமைந்தது, எல்லாம் அந்தப் படியில் உட்கார்ந்தே எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் முகூர்த்தம். மண்டபம் எதுவும் கிடைக்கவில்லை. “ஊட்டு வாசல்லயே பந்தல் போட்டுக்கலாம்” என்று ஏழுமலை முடிவு செய்துவிட்டார். அவருடைய அப்பா அம்மா வயல் கூலிக்குப் போன இடம் இது. அங்கே சொந்தமாக வீடு கட்டி, அந்த வீட்டு வாசலிலேயே மகள் கழுத்தில் தாலி ஏற வேண்டும் என்பது அவர் ஆசை.

“மழை வந்தா?” என்று கேட்டேன்.

“அதான் நீ பாலம் கட்றியே மேடம். தண்ணி நேரா பூடும்ல?”

“போயிடும்” என்றேன். சொன்னது நான். அதைத்தான் பின்னால் நாலு நாள் தூங்காமல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணி லாரி

ஆவணியில் கல்வெர்ட்டுக்குத் தரை கான்கிரீட் போடும் நாள். தரை எந்த உயரத்தில் வர வேண்டும் என்று காலையிலேயே லெவல் கொடுத்தால்தான் கான்கிரீட் லாரி வரும். மே மாதம் என்னோடு ஸ்டாஃப் பிடித்த ஆள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தாஸ். என் வயதுக்காரர், தங்கமான மனிதர், ஆனால் அந்தத் தெருவை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். ஸ்டாஃப் என்பது அளவு போட்ட உயரமான கோல். அதை அவர் அம்பின்மேல் நிமிர்த்திப் பிடிக்க, நான் முப்பது மீட்டர் தள்ளி லெவல் வழியாகப் படிப்பேன்.

“அம்பு இருக்கா தாஸ்?”

“பளிச்சுனு கீது மேடம். நேத்து போட்ட மாதிரி.”

அந்த ‘நேத்து போட்ட மாதிரி’யில் என் காது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சைட்டுக்கு வரும் நாளெல்லாம் டீக்காகவாவது அந்தப் படிக்குப் போவேன். ஆடி முழுக்க வேறு சைட்டில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து கஸ்தூரியே டம்ளரோடு நான் நின்ற இடத்துக்கு வந்துவிட்டார். “ஊட்ல பெயிண்ட் அடிச்சிகினு கீறாங்க, ஒரே நாத்தம். நீ இங்கியே குடி” என்றார். டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். எனக்குப் படியே மறந்துபோனது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு டி.பி.எம்.மை நம்பாதே, இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார். நானும் மே மாதமே டிரான்ஸ்பார்மர் மேடையில் இரண்டாவது அம்பு போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு அதன் முன்னால் ஒரு தண்ணி லாரி நின்றது. டிரைவர் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி, நகர்த்தச் சொல்லி, கோணம் பார்த்து… யார் செய்வது? முப்பது வருட அனுபவம் இருக்கிறதே, அது போதாதா? போதும் என்று நினைத்துக்கொண்டு லெவல் கொடுத்தேன். அதோடு என்னை மறுபடி வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இல்லாமலேயே தரை போட்டாயிற்று, சுவர் எழுந்தது, மேலே சிலாப்பும் போட்டாயிற்று. பழைய வளைவு இனி வேண்டாம் என்பதால் அப்பார்ட்மெண்ட்காரர்கள் அதில் மண் கொட்டி நிரப்பி, ஷட்டில் கோர்ட் ஆக்கி, வலையும் கட்டிவிட்டார்கள்.

காலுக்கு எட்டாத தரை

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது முதல் மழை. பெரிய மழை இல்லை, ஒரு மணி நேரம் பெய்தது. போய்ப் பார்த்தால் புதுக் கல்வெர்ட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறது. அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிய தடமே இல்லை. அடைப்பு ஏதாவது இருக்கும் என்று தாஸை இறக்கிப் பார்த்தேன். அடைப்பு இல்லை. பாலத்தின் தரையே ஓடைத் தரையை விட உயரமாக இருந்தது. நான் என் கையால் லெவல் கொடுத்த தரை.

பழைய வழக்கத்தில் கஸ்தூரி வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன். பந்தல்காரர்கள் சவுக்குக் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். என் கால் தரையில் படவில்லை. செருப்பு நுனி மட்டும் லேசாக உரசுகிறது.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். பழைய கருங்கல் படிக்கு மேல் ஒரு வரிசை செங்கல். அதன்மேல் மினுமினுவென்று புது கிரானைட். அந்த கிரானைட்டின் நடுவில் சிவப்பு அம்பு, 100.000. என் கையெழுத்தில் எழுதியதை விட அழகாக.

“கஸ்தூரி, இது எப்போ?”

“ஆடி முடிஞ்ச ஒடனே கட்டினோம் மேடம்” என்று பெருமையாக வந்து நின்றார். “கல்யாண ஊடு, படி சின்னதா கீதுன்னு இவரு சொன்னாரு. ஒன் அம்பு அடில மாட்டிக்கும்னு எனக்கு ஒரே பயம். ஒன் வேல பூடும்னு சொன்னியே. அதான் பேப்பர்ல அச்சு எடுத்து வச்சிகினு, கல்லு காஞ்ச ஒடனே மேல அப்டியே வரைஞ்சிட்டேன். ஒரு புள்ளி மாறல. வேணா அளந்து பாரு.”

அளந்து பார்த்தேன். பதினைந்து சென்டிமீட்டர். தினம் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கை. அம்பின் நீளம், அகலம், எண்ணின் இடைவெளி எதுவுமே மாறவில்லை. உயரம் மட்டும்தான் மாறியிருந்தது. அம்பு ஏறிய அதே அளவு பாலத்தின் தரையும் ஏறிவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் முந்தியது. ஒருத்தர் என் வேலை போய்விடக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டிருக்கிறார், அவரை என்ன சொல்ல?

ஏழுமலையிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். தண்ணீர் அரை அடி ஏறி நின்ற பிறகுதான் பாலத்துக்குள் நுழையும். கனமழை பெய்தால் அதற்குள் உங்கள் தெரு நிரம்பிவிடும். தப்பு என்னுடையது, நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்றேன். அவர் கையில் இருந்த பந்தல் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினார்.

“படி கட்டினது நானு, வரைஞ்சது அவ, பாக்காதது நீ. மூணு பேரும் சேந்துதான் செஞ்சிக்கிறோம். இப்ப இன்னா பண்லாம், அத சொல்லு.”

அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்குக் கடன்பட்டவள்.

தனபால் சாரிடம் போனேன். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “பதினஞ்சு சென்டிதானேம்மா. யாரு பாக்கப் போறா?”

“தண்ணி பாக்கும் சார்.”

அவரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. “தரையை உடைச்சுத் திரும்பப் போட இப்ப முடியாது. கோடையிலதான். அதுவரைக்கும்?”

“பழைய வளைவைத் திறந்துடலாம். எனக்கு ஒரு ஜே.சி.பி. குடுங்க, ரெண்டு நாள்.”

“அங்கதான் வலை கட்டி ஆடிக்கிட்டு இருக்காங்களே. நீயே போய்ப் பேசு. அவங்க சரின்னா வண்டி வரும்” என்றார்.

ஷட்டில் கோர்ட்

அன்று சாயங்காலம் அப்பார்ட்மெண்டின் கார் பார்க்கிங்கில் கூட்டம் போட்டார்கள். அசோசியேஷன் செயலாளர் சரவணன், தென்காசிப் பக்கம், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கோர்ட் அவருடைய செல்லப்பிள்ளை. கோடு போட்டதே அவர்தான்.

“மேடம், தப்பு உங்க மேல. கோர்ட்டு எங்களுது. இது என்ன நியாயம்?” என்றார்.

“அது ஓடைப் புறம்போக்கு சார். ஆனா அந்தப் பேச்சு பேச நான் வரல. ஒரு தடவை இதுல பாருங்க” என்று சொல்லி, பார்க்கிங்கிலேயே ஆட்டோ லெவலை நிறுத்தினேன். தாஸ் முதலில் ஏழுமலை வீட்டுத் தெருவில் ஸ்டாஃபைப் பிடித்தார். பிறகு லிஃப்ட் குழி ஓரத்தில் பிடித்தார். இரண்டையும் சரவணனையே படிக்கச் சொன்னேன். எண்களோடு வாழ்கிறவர், என் பேச்சை விட அவர் கண்ணை நம்புவார் என்று ஒரு கணக்கு.

அவர் இரண்டு எண்ணையும் கழித்துப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். “நாலு விரக்கடைதான் வித்தியாசமா?”

“அவ்வளவுதான். அவங்க தெரு நிரம்பினா அடுத்தது உங்க லிஃப்ட்.”

கூட்டத்தில் சலசலப்பு. அந்த நேரம் பார்த்து ஏழுமலையும் கஸ்தூரியும் தாம்பூலத் தட்டோடு உள்ளே வந்தார்கள். ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொருவருக்கும் குங்குமம் நீட்டி, பத்திரிகை கொடுத்து, “புதன்கெழம காலைல அவசியம் வந்துடணும். குடும்பத்தோட” என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

ஒருவர் தயங்கித் தயங்கி, “அன்னிக்கு மழைன்னு வெதர் குரூப்ல போட்டிருக்காங்களே” என்றார்.

“அதுக்கென்ன சார்” என்றார் ஏழுமலை. “மேடம் ஒரு படகு குடுப்பாங்க. அதுல வந்துடுங்க.”

பார்க்கிங் முழுக்கச் சிரிப்பு. சரவணனும் சிரித்தார். பிறகு கையில் இருந்த பத்திரிகையைப் பார்த்தபடியே சொன்னார். “ஷட்டில் எங்கனயும் ஆடிக்கிடலாம். தண்ணிக்கு வேற எடம் கெடையாதுல்லா. காலைல வண்டிய வரச் சொல்லுங்க மேடம். வலைய நான் அவுத்து வைக்கேன்.”

மறுநாள் விடிந்ததும் அவரே வலையை அவிழ்த்து மடித்துக் கொடுத்தார். ஜே.சி.பி. மண்ணை அள்ள அள்ள அடியில் பழைய ஓடை மணல் வெளியே வந்தது. அந்த வளைவு எங்கெங்கே திரும்ப வேண்டும் என்று நான் கோடு போடத் தேவையே இருக்கவில்லை. மணல் போன வழியே வண்டியும் போனது. தரைப்பாலத்துக் குழாய் இரண்டிலும் அடைத்திருந்த பாட்டிலும் பாலிதீனும் மூட்டை மூட்டையாக வந்தன. அப்பார்ட்மெண்ட்காரர்கள் லீவு நாளும் அதுவுமாக வந்து மூட்டை கட்டினார்கள். புதுக் கல்வெர்ட் பக்கம் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை வளைவுக்குத் திருப்பிவிட்டோம். கடைசியாக லெவல் வைத்துப் பார்த்தேன். முதலில் படியிலிருந்து, பதினைந்து சென்டிமீட்டரைச் சேர்த்து. பிறகு டிரான்ஸ்பார்மர் மேடையிலிருந்து. இந்த முறை தண்ணி லாரி இல்லை. இருந்திருந்தாலும் டிரைவரை எழுப்பியிருப்பேன்.

முகூர்த்தம்

புதன்கிழமை விடியலில் மழை ஆரம்பித்தது. கள்ளிக்குப்பத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஆட்டோவுக்குள் சாரல். பட்டுப்புடவையும் ரப்பர் பூட்ஸுமாக நான் போய் இறங்கியதை பவித்ரா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். தாஸ் எனக்கு முன்பே வந்து, ஸ்டாஃபை வளைவில் நட்டு, கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். எந்த எண் வரை தண்ணீர் ஏறினால் தெருவுக்குள் வரும் என்று சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தோம்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் குடையோடு வந்து பார்த்தார். “இன்னாபா இது, பொண்ணு ஊட்ல மழைய அளந்துதான் தாலி கட்டுவாங்களா?”

“ஆமா சம்மந்தி” என்றார் ஏழுமலை. “எங்க ஊட்ல எல்லாமே அளவுதான்.”

வாய் அப்படிப் பேசினாலும் கால் நிற்கவில்லை. ஐயர் ஒரு பக்கம் மந்திரம் சொல்ல, அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், நுரையோடு, சத்தமாக வந்தது. தெரு முனையில் ஒரு கணம் தயங்கியது, என் உயிரும் தயங்கியது. பிறகு வளைவில் திரும்பி, ஷட்டில் கோர்ட் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, குழாய் இரண்டிலும் புகுந்து ஏரிப் பக்கம் போய்விட்டது. ஸ்டாஃபில் ரிப்பனுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. அதற்குமேல் ஏறவில்லை.

பின்னால் கெட்டிமேளம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சரவணனும் பாதி அப்பார்ட்மெண்டும் குடையைப் பிடித்துக்கொண்டு, கையில் அட்சதையோடு ஓடையைப் பார்த்து நிற்கிறார்கள். யாருக்கு வாழ்த்துப் போடுவது என்று தெரியாமல் கொஞ்சத்தைத் தண்ணீரிலும் போட்டார்கள். அவ்வளவு சந்தோஷத்தை என் சர்வீஸில் எந்தத் திறப்பு விழாவிலும் நான் பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்து மழை விட்டது. கஸ்தூரி ஒரு சின்ன பெயிண்ட் டப்பாவும் பிரஷும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முகம் மட்டும் சற்று வாடியிருந்தது. “அந்த நம்பர் தப்புன்னியாமே. இவரு இப்பதான் சொன்னாரு. நீயே சரியா எழுதிக் குடு.”

படியில் உட்கார்ந்து, பட்டுப்புடவையை மடித்துக்கொண்டு, 100.150 என்று எழுதினேன். அம்பை மட்டும் தொடவில்லை. அது அவர் போட்ட அம்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எழுதி முடித்ததும் அவர் மூன்று பொட்டு வைத்தார். பெயிண்ட் காய்ந்த பிறகு பவித்ரா அதைத் தாண்டிக்கொண்டுதான் முத்தாபுதுப்பேட்டைக்குக் கிளம்பினாள்.

கோடையில் துறை இன்ஜினியர் வந்து பார்த்தார். கல்வெர்ட்டுத் தரையை உடைத்துச் சரியாகப் போட்டோம். வளைவை மூட வேண்டாம், இரண்டு வழியும் இருக்கட்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். இப்போது வளைவில் கோரை முளைத்துவிட்டது. அப்பார்ட்மெண்ட்காரர்கள் மொட்டை மாடியில் ஷட்டில் ஆடுகிறார்கள். பந்து அடிக்கடி ஓடைக்குள் விழுகிறது, இறங்கி எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் கற்றதைச் சொல்கிறேன். உங்கள் அடையாளத்தை மற்றவர்கள் எவ்வளவு அன்போடு காப்பாற்றினாலும், கிட்டே போய்ப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். அந்தத் தரையைத் திரும்பப் போட்ட அன்று கஸ்தூரி டீயோடு நான் நின்ற இடத்துக்கே வந்தார். டம்ளரை அங்கேயே வைக்கச் சொல்லிவிட்டு நடந்து போய்ப் படியைக் கையால் தொட்டுப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் மேடைக்கும் போய்த் தொட்டுப் பார்த்தேன். இரண்டு லெவலும் ஒத்துப்போயின. அதன் பிறகுதான் டீ குடித்தேன். ஆறியிருந்தது, பரவாயில்லை.